பாலம்

பாலத்தில் இருக்கிறேன் என்று எழுதினேன்.
எந்த ஆற்றுப் பாலம் என்று கேட்டிருந்தாள் கோமளவல்லி.
ஆறில்லை. டில்லியின் ஓரத்தில்
விமானங்கள் நிற்கும் இடத்துக்கு அதுதான் பெயர்.
இதையெல்லாம் கடிதத்தில் விளக்கக் கூடாது.
பெரிய பாலம், பத்திரமாக இருக்கிறது
என்று எழுதி ஒட்டினேன்.

போர் தொடங்கி ஐந்து நாள்.
எங்கள் விமானங்கள் தார்ப்பாய்க்குள்
மழைக்கு ஒதுங்கிய எருமைகள் மாதிரி.
ஜன்னலில் கார்பன் தாள்,
உள்ளே கேரம்.
சிவப்பைப் போட்டும் துணைக்காய் விழாமல்
தோற்றுக்கொண்டே இருந்தார் ஃப்ளைட் லெஃப்டினென்ட் பருச்சா.
சங்கு ஊதினால் எழுந்து ஓடுவார்.
பாதி ஓட்டத்தில் சங்கு நின்றுவிடும்.
திரும்பி வந்து உட்காரும்போது
ஸ்ட்ரைக்கர் வைத்த இடத்திலேயே இருக்கும்.
யாரும் தொடமாட்டோம். அவ்வளவு ஒழுங்கு.

ரேடியோவில் மற்றவர்கள் போர் செய்தார்கள்.

ஆறாம் நாள் ராத்திரி உத்தரவு வந்தது, பாலைவனத்துக்கு.
விமானங்களுக்கு நாற்பது நிமிஷம்.
எங்களுக்கு மீட்டர் கேஜில் இரண்டு இரவு, ஒரு பகல்.
ஸ்டோர்ஸ் என் பொறுப்பு.
சக்கரக் கட்டை நாற்பத்தெட்டு, தீ வாளி முப்பது,
தார்ப்பாய், கிரீஸ், கயிறு
எல்லாவற்றுக்கும் எண் உண்டு, கையெழுத்து உண்டு.
எண்ணில்லாமல் ஏறியவை
கேரம் பலகை,
குஞ்ஞப்பன் கரோல்பாக்கில் வாங்கிய தோசைக்கல்,
நாவிதர் ஹர்கேஷின் சுழல் நாற்காலி.
இது எதுக்கய்யா என்றேன்.
அங்கேயும் தாடி வளருமில்லையா என்றார்.

டில்லி கன்டோன்மென்டில் விளக்கு இல்லை.
இருட்டில் தட்டோடு வந்த பெண்கள்
நெற்றி நெற்றியாகத் தடவிக் குங்குமம் வைத்தார்கள்.
நாற்காலியின் முதுகுக்கும் ஒன்று.

ரேவாரியில் ஒன்பது மணி நேரம் ஓரம் கட்டினார்கள்.
அப்புறம் மணல்.
முதலில் பல்லில், பிறகு சாம்பாரில்,
பிறகு நான் பூட்டி வைத்த பூட்டுக்குள்.
இறக்கினோம். பிரித்தோம். எண்ணினோம்.
மறுநாள் சாயங்காலம்
பருச்சா ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார்.
கட்டையை இழுக்கக் குனிந்தேன்.
தோளைத் தட்டி யாரோ கை அசைத்தார்கள்: போதும், முடிந்தது.
எஞ்சின் நின்றது.
என் காதில் மட்டும் வெகுநேரம் ஓடியது.

எண்ணினோம். கட்டினோம். ஏற்றினோம்.

திரும்பி வந்த அதிகாலை, அதே கன்டோன்மென்ட்,
அதே பெண்கள், இப்போது சாமந்தி மாலை.
எதிர்ப் பிளாட்பாரத்தில் ஆம்புலன்ஸ் ரயில்.
நடந்து வந்தவர்கள் நாங்கள், அதனால்
எங்களிடம் ஓடி வந்தார்கள்.
பருச்சா மாலைக்குத் தலை கொடுக்கவில்லை.
அந்தப் பக்கம் கை காட்டினார்.

ஹர்கேஷ் கேட்கவே இல்லை.
பெட்டியைத் திறந்து தண்டவாளம் தாண்டிப் போனார்.
நாற்காலி உதவவில்லை, உட்கார முடிந்தவர்கள் அங்கே இல்லை.
முழங்காலிட்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே
முகம் முகமாக வழித்தார்.
நான் தீ வாளியில் வெந்நீர் கொண்டு ஓடினேன்,
கையெழுத்து வாங்காமல்.
பதினொரு பேர்.
பன்னிரண்டாவது ஆளுக்கு
இடது கன்னம் முடிந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.
வலது கன்னத்து நுரையோடு
அவன் எந்த ஊர் போனானோ.

ஜனவரியில் தணிக்கை.
உபரி: மணல், இரண்டே முக்கால் கிலோ,
சிரிக்காமல் எழுதினேன்.
பற்றாக்குறை: சவரக் கத்தி ஒன்று,
வண்டியிலேயே போய்விட்டது.
கணக்கர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
சிவப்பு மையால் அடித்தார்.
இது நம்முடைய சரக்கே இல்லையே என்றார்.