யார் உடைத்தது என்ற கட்டம்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங்.
துணியை விளக்கடியில் இழுத்துப் பிடித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எதைக் கண்டாலும் பக்கத்தில்
ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.
யார் தைத்தது என்று நான் கேட்பதில்லை.
அது சூப்பர்வைசர் வேலை.

நொச்சிவலசில் கலவரம் நடந்து ஒன்பதாம் நாள்.
போலீஸ் வேன் வேப்பமரத்தடியில் நின்றது.
கம்பெனி வேன் ஊருக்குள் வராமல்
தார் ரோட்டிலேயே திரும்பிப் போனது.
வேலையில்லாத நாங்கள் ஐந்து பேர்
தேங்காய் உலர்களத்துச் சுவரோரம் கூடினோம்.
மேலத்தெருவில் இரண்டு, எங்கள் காலனியில் மூன்று.
ஒரே வேனில் மூன்று வருஷம்
ஒரே ஜன்னலுக்குச் சண்டை போட்டவர்கள்.
அன்று யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மோனிஷாதான் நோட்டு கொண்டுவந்தாள்.
எண்பது பக்கம், அட்டையில் அவள் தம்பி பெயர்,
ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
உடைஞ்சதையெல்லாம் எழுதலாம், என்றாள்.
பேச்சு வராட்டி எழுத வராதா?

வீடு வீடாய்ப் போனோம். ஐந்து பேரும் சேர்ந்தே.
ஓடு நூற்றிப்பத்து. டி.வி. ஒன்பது.
தண்ணி டிரம்மில் கத்திக் கிழிசல்.
ஒரு ஸ்கூட்டி, இன்னும் பதினான்கு தவணை பாக்கி.
மேலத்தெருவில் கார் கண்ணாடி,
பால் கேன் இரண்டு, கிளுவை வேலி முப்பதடி.
ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை.
அதையும் எழுதினோம்.

ஆர்.ஐ. புரட்டிப் பார்த்தார்:
"இதென்ன, ரெண்டு தெருவும் கலந்து கெடக்குது?
தனித்தனியா எழுதிட்டு வாங்க."
தங்கவிக்னேஷ் தலையைச் சொறிந்தான்.
"நோட்டு ஒண்ணுதானுங் சார் இருக்குது."

ஒரே நோட்டில் எழுதியதால்தான் தெரிந்தது:
அவர்களுக்கு நாலு பக்கம்.
எங்களுக்கு முப்பத்தொன்று.
ரெண்டு பக்கமும் தப்பிருக்குது என்று
அதுவரை டீக்கடையில் சொல்லிவந்த யுகேந்திரன்
தாளைத் திருப்பித் திருப்பி எண்ணினான்.
முடித்துவிட்டு மறுபடி எண்ணினான்.

கடைசியில் ஒரு கட்டம் விட்டிருந்தேன்,
தலைப்பு எழுதாமல்.
கேஸ் ஆயிரும், வேண்டாம்.
எழுதாட்டி இந்த நோட்டு எதுக்கு?
எங்கண்ணன் பேரு வந்துருமேடா.
இருட்டும்வரை கத்தினோம். மோனிஷா அழுதாள்.
போலீஸ்காரர் வந்து கலைந்துபோகச் சொன்னார்.

மறுநாள் நோட்டு என் கைக்கு வந்தபோது
பதினேழாம் பக்கத்தில்
ராசாமணி அக்கா கிரைண்டர், கவிழ்த்தது, பெல்ட் அறுந்தது,
அதற்கு நேரே காலிக் கட்டத்தில்
பச்சை மையில் "நான்" என்று இருந்தது.
கீழே யுகேந்திரன் கையெழுத்து, தேதி.
வேறு எந்த வரிக்கு நேரேயும் எதுவும் இல்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.
அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.
மனப்பாடம் பண்ணி வந்தது இரண்டு வாக்கியம்.
முதலாவதிலேயே நின்றுவிட்டான்.
"மன்னாப்பெல்லாம் எனக்கு வேண்டாஞ் சாமி,
கல்லு ஓடோணும்.
மாவாட்டி விக்கறதுதே எம்பட பொழப்பு."
தண்ணீர் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவன் குடித்திருப்பானா?
நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் பெல்ட் வாங்கி வந்தான்.
அளவு சேரவில்லை. ஒரு விரல் நீளம்.

கேஸ் நடக்கிறது.
அமைதிக் கூட்டத்தில் பெரியவர்கள் கைகுலுக்கிய படம்
பேப்பரில் வந்தது. அதில் நாங்கள் இல்லை.

நேற்றுத்தான் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தது.
ஜன்னல் சீட்டுக்கு யாரும் சண்டை போடவில்லை;
அது எனக்குப் பிடிக்கவில்லை.
நோட்டை எடுத்து, அந்த "நான்" பக்கத்தில்
ஒரு சிவப்பு அம்பு ஒட்டினேன்.
சரிசெய்ய முடிகிற துணிக்குத்தான் அது ஒட்டுவோம்.
மற்றதெல்லாம் நேரே வேஸ்ட் மூட்டைக்கு.

முன்சீட்டில் யுகேந்திரன்.
மடியில் இரண்டாவது பெல்ட்,
விரலால் அளந்துகொண்டே வந்தான்.