ஐந்தாம் பாடம்

சுகாதாரப் புத்தகத்தில் நாலாம் பாடம் முடிய
ஆறாவதுக்குத் தாவிவிட்டாராம் பெனடிக்டா டீச்சர்.
"அஞ்சாவத வீட்ட வாசிங்க, சோதினைக்கு வராது."

வீட்டில் ஆர் வாசிப்பது?
இவள் என்னைப் பார்த்தாள்.
நான் பைக் சாவியைப் பார்த்தேன்.

முகம் பாராமல் பேச மோட்டார் சைக்கிள் தோது.
ஊறணியில் தொண்டையைச் செருமினேன்.
அரசடிச் சந்தியில் "மகன், ஒரு விசயம்" என்றேன்.
கல்லடிப் பாலத்தில்
இரவெல்லாம் அடுக்கிவைத்ததை அவிழ்த்தேன்:
குரல் உடைவது, உறக்கத்தில் நனைவது,
ஒருத்தி வேணாமென்றால் அது வேணாம்தான் என்பது.
வாவிக் காற்று நல்ல பலம்.

"என்னப்பா? ஹெல்மெட்டுக்குள்ள ஒண்டும் கேக்கல்ல."

நாவற்குடாவில் ஓரங்கட்டி
கச்சான் வாங்கினேன்.
ஹெல்மெட்டைக் கழற்றினான் யதுர்ஷன்.
மேலுதட்டில் புகைபோல் அரும்பு.
எப்போது வந்தது இது?
கல்முனை பஸ் கடக்கும்வரை நின்று
மறுபடி சொன்னேன், ஒழுங்கெல்லாம் பிசகி.

கேட்டான்,
கோதுகளைச் சட்டைப் பையில் போட்டபடி.
பிறகு, "உங்களுக்கு ஆரப்பா சொன்னது?"

"ஒருத்தருமில்ல மனே."

"அப்ப எப்பிடிப் படிச்ச?"

"பிழைபிழையாத்தான்."

திரும்பும்போது பாலத்தில்
ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தான்.
பொலிஸ் பிடித்தால் பிடிக்கட்டும்.