ரிவர்ஸ்

பணகுடியில் ஏலத்தில் எடுத்த மேட்டடோர்,
கயிறு கட்டி இழுத்து வந்து
முற்றத்துச் சுவரை முட்டாத குறையாய் நின்றது,
ஆனி முதல் தேதி.

காற்றடி காலம்.
சுரண்டிய பெயிண்ட் பறந்து போய்
மதிலுக்கு அந்தப் பக்கம் விழும்.
"எக்கா, வத்தலெல்லாம் நீலமா இருக்கு"
என்பாள் கிரேஸ்மணி.

நீலத்துக்குக் கீழே மஞ்சள்.
மஞ்சளுக்குக் கீழே
'ஆசீர் கலர் கம்பெனி, வள்ளியூர்',
துரு தின்றது போக.
அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

டீசல் டாங்கில் பொத்தல்.
காலி ட்ரிப்ஸ் பாட்டிலில் டீசல் ஊற்றி
கண்ணாடிக் கம்பியில் தொங்கவிட்டேன்.
சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
இருபது வருச நைட் டூட்டி:
கை தன்னால் நாடி பார்க்கப் போனது
பானெட்டில்.

மூன்றாம் சாவிக்கு இருமியது.
பிறகு நிற்காமல் இருமியது.
தெருவெல்லாம் புகை.
ஸ்டியரிங்கில் ஞானசிகாமணி
மாப்பிள்ளை மாதிரி.

ரிவர்ஸ் விழவில்லை.
முன்னால் சுவர்.
நாலு மாசமாய் ஒருத்தருக்கும் தோணவில்லை.

"இடிச்சிருவமா?" என்கிறார்.
"எதை, சுவரையா ஒங்களையா?"

நியூட்ரலில் போட்டு
சுவரில் முதுகு கொடுத்துத் தள்ளினோம்,
நான், கிரேஸ்மணி, அவள் மாமியார்,
பால் ஊற்ற வந்தவர்.

கால் முதலில் வரும் பிள்ளைபோல
தெருவுக்கு இறங்கியது,
எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டு.