முட்டி

போகலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்
ரத்தம் எடுக்கும் நாற்காலியில் ஒரு சர்தார்ஜி.
"முட்டி பந்த் கராவ்" என்றாள் சீனியர்.
நான் குனிந்து அவர் முழங்காலைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
லேப் முழுக்கச் சிரித்தது.
டெல்லியில் முட்டி கையில் இருக்கிறது.

அன்றிலிருந்து தினம் அறுபது பேரிடம்
முட்டியை மூடச் சொல்கிறேன், திறக்கச் சொல்கிறேன்,
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறேன்.
மூன்று வாக்கியத்தில் சம்பளம் வந்துவிடுகிறது.
மிச்ச ஹிந்தியெல்லாம் வெளியே கிடந்தது,
தண்ணீர் மோட்டார் சண்டையில்,
கேஸ் சிலிண்டர்காரனின் அவசரத்தில்,
பின்சீட்டில் யாரோ யாரையோ திட்டும் பஸ்ஸில்.

மேல்மாடியில் மாசூமா.
காபூலிலிருந்து வந்தவள்.
இரண்டு பிள்ளைகள், ஒரு பிரஷர் குக்கர்,
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கட்டுக் காகிதம்.
என் ஹிந்திக்கு வயது ஏழு மாதம்,
அவளுடையதற்கு ஒன்பது.
படிக்கட்டில் இரண்டும் தவழ்ந்துவந்து
மண்டையில் மோதிக்கொண்டன.

"வருகிறேன்" என்று சொல்வதென்றால்
இங்கே ஆண் ஒரு மாதிரி வரவேண்டும், பெண் வேறு மாதிரி.
தமிழில் நான் யாராயிருந்தாலும் வருகிறேன்தான்.
அவள் பாஷையிலும் அப்படித்தானாம்.
அதனால் காதில் அதிகம் விழுந்ததையே
இருவரும் எடுத்துக்கொண்டோம்: "ஆதா ஹூம்."
கீரை வாங்கப் போனார்கள் இரண்டு ஆண்கள்,
ஒருவன் முக்காட்டில்,
ஒருவன் நைட்டிமேல் போட்ட துண்டில்.
வீட்டுக்காரம்மா ஜன்னலில் தலைநீட்டிக் கத்துவாள்:
"ஆதீ! ஆதீ!"
ஆதீ, ஆதீ என்று ஒப்பித்துவிட்டு
தெருமுனை திரும்பியதும் மறுபடி ஆண்களானோம்.
வலி ஆண், மருந்து பெண் என்பதை மட்டும்
ஒரே நாளில் மனப்பாடம் செய்தோம்.
யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒரு ராத்திரி, கரண்ட் போன நேரம்,
காகிதக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினாள்.
செல்போன் வெளிச்சத்தில் ஒன்றைத் தொட்டு
"அஸ்ல்" என்றாள்.
அசல், என்றேன்.
"நக்ல்."
நகல்.
ரசீத், ரசீது. பாக்கி, பாக்கி.
ஸிஃபாரிஷ் என்றதும் சிபாரிசு என்று
நான் கிட்டத்தட்ட கத்திவிட்டேன்.
ஸாமின், ஜாமீன்.
வாரிஸ் என்று பெரியவனைக் காட்டினாள்.
வாரிசு.

எந்தக் காலத்திலோ எந்தக் குதிரையிலோ வந்து
எங்கள் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்துவிட்ட சொற்கள்.
அருப்புக்கோட்டையில் பட்டா மாற்ற
அப்பா ஆறு வருஷம் அலைந்தது
பாதி இவள் மொழியில்தான்.
பூவுக்கு, மழைக்கு, பசிக்கு
எங்களுக்குள் பொதுச்சொல் தேடினேன், அகப்படவில்லை.
வரிசையில் நிற்கவைக்கும் சொற்கள் மட்டும்
அத்தனையும் இருந்தன.

கனடாவுக்கு மெடிக்கல் வைத்தார்கள்.
அதற்குமுன் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று
பயந்துபோய் எங்கள் லேபுக்கே வந்தாள்.
நான் சொல்லுமுன் முட்டியை மூடினாள்,
உள்ளே எதையோ வைத்திருப்பவள்போல.
நரம்பு ஒளிந்து ஒளிந்து கிடைத்தது.
குழாய் நிறைந்ததும் "திற" என்றேன்,
தமிழில், தன்னையறியாமல்.
திறந்தாள்.

குக்கர் இப்போது என்னிடம் இருக்கிறது.
விசில் சரியாக வருவதில்லை.
என் ஹிந்தியை வீட்டுக்காரம்மா மெச்சுகிறாள்.
புதிதாகக் குடிவந்த மணிப்பூர்ப் பெண்களிடம்
என்னைக் காட்டிச் சொல்கிறாள், இவளைப் பார், இரண்டே வருஷம்.

போன வாரம் வின்னிபெக்கிலிருந்து வாய்ஸ் மெசேஜ்.
பின்னால் பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டைபோட,
"இங்கே பனி வந்தான்" என்றாள் அதே ஹிந்தியில்.
பனி இங்கே பெண். நான் சொல்லப்போவதில்லை.

பதில் பேசினேன்: கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
சரியாக வந்துவிட்டது. அழித்தேன்.
மறுபடி சரியாகவே வந்தது. அழித்தேன்.
நாலாவது தடவைதான்
நைட்டியும் துண்டுமாக அந்த ஆள் திரும்பிவந்து
"ஸுன் ரஹா ஹூம்" என்றான்.
அனுப்பினேன்.