திரும்பச் சொன்னவற்றை நீக்குக

என் வலது காலுக்குக் கீழே ஒரு மிதி.
அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும்,
குதிகாலால் தட்டினால்
மூன்று நொடி பின்னால் வரும்.
மில்வாக்கியில், நீதிமன்றத்துக்குப் பின்தெருவில்,
பல் மருத்துவர் ஒருவரின் மாடியில்
பத்தொன்பது வருடமாய்
பிறர் பேசியதைத் தட்டச்சு செய்கிறேன்.

இந்த வாரம் விமானம்.
வாசல் பன்னிரண்டு, பிப்ரவரி,
கண்ணாடிக்கு வெளியே பனி வாரும் வண்டிகள்.
ஆர்விட் ஸ்டென்சருட், நாற்பத்து நான்கு, பேருந்து மெக்கானிக்.
கதவு மூடுமுன் பத்தாம் வரிசையிலிருந்து எழுந்து
இறங்கப் பார்த்தார்.
பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்,
தூங்கும் பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி
என்கிறது ஒரு சாட்சி.
வெடிக்கப்போவதைப் பிடித்திருப்பவன் மாதிரி
என்கிறது இன்னொன்று.
இருவருக்கும் ஒரே வரிசை, நடுவே ஒரு கைப்பிடி.

'குண்டு' என்ற சொல் நான்கு பேர் காதில் விழுந்திருக்கிறது.
முப்பத்தொரு பேர் காதில் விழவில்லை.
ஒரு பெண்ணுக்கு முதல் நாள் விழவில்லை,
தொலைக்காட்சி பார்த்த மறுநாள் விழுந்துவிட்டது.
அதையும் அப்படியே அடித்தேன்.

ஒலிப்பதிவு ஒன்று உண்டு. முப்பத்தெட்டு நொடி.
யாரோ மகளுக்குப் பேசி அனுப்பிக்கொண்டிருந்த கைபேசி.
'ஏறிட்டேன் கண்ணு, பூனைக்குச் சாப்பாடு வைச்சியா'
பிறகு காலடிகள்.
பிறகு ஓர் ஆண்குரல்: படு, பையைப் போடு, படு, படு.
அதற்கு அடியில்,
பக்கத்து வீட்டு வானொலி மாதிரி, அவர் மனைவி லோரீன்:
அவருக்கு உடம்பு சரியில்லை, மாத்திரை போடலை.
குதிகாலால் தட்டினேன்.
அவருக்கு உடம்பு சரியில்லை, மாத்திரை போடலை.
ஒன்பது தடவை.
அதற்குப் பின் வருவதை
'சத்தம்' என்று அடைப்புக்குள் போடச் சொல்கிறது விதிப்புத்தகம்.
எத்தனை என்று குறிக்க இடமில்லை.

பையில்: ஒற்றைக் கம்பளிக் காலுறை,
இரண்டு பேரிக்காய்,
பழைய பேருந்து ஒன்றின் மணிக்கயிறு.
மாத்திரை டப்பா அதில் இல்லை.
அவருடைய நல்ல சட்டைக்குள் சுற்றி
பெரிய பெட்டியில், விமானத்தின் வயிற்றில் இருந்தது.
மூன்று நாள் கழித்து
அது மட்டும் ஃபீனிக்ஸ் போய்ச் சேர்ந்தது.

சுட்டவருக்குப் பெயர் இல்லை, 'அதிகாரி இரண்டு.'
அன்று பூப்போட்ட சட்டை, விடுமுறைக்குப் போகிறவர் வேடம்.
யாரோ தன் பின்னாலேயே வருவதாக
நான்கு நாளாய் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவர் பின்னால்
உண்மையிலேயே ஒருவர் வந்தார்.

அவர் மனைவி சொன்னது கேட்டதா, என்கிறார் வழக்கறிஞர்.
பதினொரு நொடி.
விதிப்படி அதற்கு 'மௌனம்'.
ஆனால் அதில் தண்ணீர் ஊற்றும் ஓசை இருக்கிறது,
குவளை திரும்பக் கீழே வைக்கப்படுகிறது,
குடித்த மாதிரித் தெரியவில்லை.
கேட்டது, என்கிறார்.
ஆனால் நான் கேட்கவில்லை, என்கிறார்.
பயிற்சியில் யாராவது ஏதாவது கத்துவார்கள்,
கத்துவதெல்லாம் நடிப்பு,
அப்படித்தான் பழகினோம்.
பிறகு மூக்கை உறிஞ்சுகிறார்.
ஜலதோஷமாகவும் இருக்கலாம்.
தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை பிரதி திரும்பி வந்தது,
மேலாளர் டாரிஸின் சிவப்பு மையோடு:
திரும்பச் சொன்னவற்றை நீக்குக. ஒருமுறை போதும்.
எனக்குக் கூலி பக்கக் கணக்கு. அதை விடுங்கள்.
எட்டை அழிக்க வேண்டும். எந்த எட்டை?
முதல் தடவை நிதானமாகத்தான் சொல்கிறாள்,
பணிப்பெண்ணிடம் போர்வை கேட்பவள்போல.
நான்காவதில் 'ஐயா' சேர்ந்துகொள்கிறது.
ஆறாவதில் அது அவள் குரலே இல்லை.
விளக்கணைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு,
திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

கடைசியை வைத்தேன்.
வாக்கியம் முடியாவிட்டால் கோடு போட வேண்டும் என்பது விதி.
போட்டேன்:

அவருக்கு உடம்பு சரியில்லை, மாத்—