நாற்பத்தொன்றாம் கிணறு

ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
கேள்விகளுக்கு எட்டு.
எவோரா நகரில் செப்டம்பர்;
சாத்திய மரக்கதவின் இடுக்கில்
கத்திபோல் நுழைந்து கிடக்கும் வெயில்.
ஏழு ஆய்வு மாணவர்கள், நான்கு வல்லுநர்கள்.
கழுத்தில் ஆடும் அட்டைகளில்
மூவருக்குப் பெயர் பிழை.

முதலில் ப்ர்னோவிலிருந்து வந்த ஸ்பினியெக்.
அவன் எழுதிய விதி தன்னையே அழைத்தது.
அழைக்கப்பட்டது மறுபடி தன்னையே அழைத்தது.
திரையில் வரிகள் ஓடிக்கொண்டேயிருக்க
"வழக்கமாக நின்றுவிடும்" என்றான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
எல்லோருக்கும் நடந்திருக்கிறது.

பிறகு பெனடிட்டா ஃபல்காவ்.
மூன்று வருட உழைப்பு, பதினான்கு படங்கள்.
வறண்ட தெற்கின் ஆழ்துளைக் கிணறுகள்
இருநூற்றுப் பன்னிரண்டில்
எவற்றின் நீரைக் குடிக்கலாமென்று
அவள் நிரல் சொல்லும்.
அதன் அடியில் ஒரே ஒரு விதி:

நஞ்சு உண்டென்று நிறுவ முடியாவிட்டால்
நீர் நல்லது.

இதைவிடச் சிக்கனமாய் ஒரு வரி எழுத முடியாது.
அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.
விசையைத் தட்டினாள்;
அம்மை போட்ட உடம்பாய்
வரைபடமெங்கும் பச்சைப் புள்ளிகள்.
நூற்றுத் தொண்ணூற்றேழு. மூன்றே நொடியில்.

பாட்ஸ்டாமிலிருந்து வந்த ஹெட்விக் லவுட்டர்பாக்
மூக்குக்கண்ணாடியைக் கழுத்துத் துணியில் துடைத்தபடி
கேட்டார்:
"நாற்பத்தொன்று ஏன் பச்சை?"

விதிகளைப் பின்னோக்கி நடத்திக் காட்டினாள்.
நைட்ரேட் இல்லை. ஆர்செனிக் இல்லை.
"இல்லை என்று பார்த்தது யார்?"

இதை எழுதும் மொழியில்
காணோம் என்பது வேறு, இல்லை என்பது வேறு.
சாவியைக் காணோம் என்று வாசலில் நிற்பவர்
சாவியே கிடையாது என்று சொல்வதில்லை;
சட்டைப்பையை இன்னொரு முறை துழாவுகிறார்.
அவள் நிரலுக்குத் துழாவத் தெரியும்.
வெறுங்கையோடு திரும்பினால்
இல்லை என்று எழுதி வைக்கவும் தெரியும்.

கோப்பைத் திறந்தாள்.
நாற்பத்தொன்றுக்கு எதிரே ஒரு வெற்றுக் கட்டம்.
மாதிரி நீர் அடைத்த போத்தல்
ஆய்வுக்கூடத்துக்கு வந்தே சேரவில்லை.
"அந்த நீரை யாராவது குடிக்கிறார்களா?"
"ஓர் ஆட்டுப்பண்ணை. பதினொரு பேர்."
"எப்படி இருக்கிறார்கள்?"

அதற்கு அவளிடம் படம் இல்லை.
"தெரியாது" என்றாள்.
மூன்று வருடத்தில் அந்த நிரலின் அருகே
முதன்முதலாக உச்சரிக்கப்பட்ட சொல்.

துலூஸ்காரர் எஸ்கோஃப்ர் உற்சாகமாகி
மூன்று மதிப்புத் தர்க்கம் பற்றித் தொடங்கினார்;
எட்டு நிமிடத்தில் ஆறு அவருக்கே போயிற்று.
பெனடிட்டா குறிப்பெடுப்பதுபோல் குனிந்திருந்தாள்.
மேசையில் அவளுக்கு வைத்த தண்ணீர்க் கோப்பை
கடைசிவரை நிறைந்தே இருந்தது.

இரவு, விடுதிச் சமையலறை.
ஸ்பினியெக் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.
"உன்னுடையதாவது நிற்கிறது" என்றான்.
அவள் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்:
சோதித்துப் பார்த்தவர் இருந்து,
நஞ்சு இல்லையென்று அவர் சொன்னால்
நீர் நல்லது.
விசையைத் தட்டினாள்.
அறுபத்து மூன்று.
மிச்சமெல்லாம் சாம்பல் நிறம்.
எந்த ஆய்விதழும் ஆசைப்படாத வரைபடம்.
முட்டை கருகும் வாசனை.

காலையில், காப்பி வரிசையில்,
ஹெட்விக்கின் பின்னால் நின்று
எண்ணை மட்டும் சொன்னாள்.
அவர் திரும்பாமலே தலையசைத்தார்.
சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்தார்.
பாதியைக் கொட்டி மீதியை மடித்து வைத்தார்.
"சரி. அந்தப் போத்தலை எடுத்துவர
யார் போகிறார்கள்?"

மதிய அமர்வில் பெனடிட்டாவின் நாற்காலி காலி.
தெற்கே போகும் பேருந்து
பன்னிரண்டு இருபதுக்கு.
பையில் கழுவிய போத்தல் ஒன்று,
கழுத்தில் கழற்ற மறந்த அட்டை.