இரண்டு அளவு சிறியது

ஸ்மில்த்தே கதவிடம் மன்னிப்புக் கேட்பாள்.
தோளில் இடித்த கம்பத்திடம்,
சில்லறையை விழுங்கிய காபி இயந்திரத்திடம்,
தன் இருக்கையில் யாரோ வைத்துப்போன பையிடம்.
ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணினேன்:
மதியத்துக்குள் முப்பத்தொன்று.
விளையாட்டாகத்தான் எண்ணினேன்.
சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னேன்.
'மன்னிச்சுக்கோ' என்றாள்.
முப்பத்திரண்டு.

அவள் பெயருக்குள் எங்கள் மொழியின் மணல் இருக்கிறது.
'செருப்பில் புகுந்தால் தட்டிவிடுவார்களே, அது'
என்று புதியவர்களுக்கு அவளே விளக்குவாள்.
வகுப்பே சிரிக்கும்.
நானும்.

ஸராசாயில் எங்கே திரும்பினாலும் ஏரி.
டிசம்பரில் எல்லாம் ஒரே வெள்ளைத் தரை,
நாலு மணிக்கே இருட்டு.
ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு
அந்த இருட்டில் அவள் சறுக்குவாள்.
பார்த்தவள் நான் ஒருத்தி.
நிலத்தில் தயங்கித் தயங்கி நடக்கும் அதே கால்கள்
பனிக்கட்டியின் மேல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.
அதைச் சொல்லியிருக்கலாம்.
எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றிருந்துவிட்டேன்.
அவளுக்குத் தெரியாது என்பது
எனக்குத் தெரியாது.

ஜனவரியில் தன் பனிச்சறுக்குக் காலணிகளைக் கொண்டுவந்தாள்,
பச்சைக் கயிறு போட்டவை,
அலகு தீட்டி, துடைத்து.
'உனக்குத்தான். வச்சுக்கோ.'

வீட்டில் போட்டுப் பார்த்தேன்.
குதிகால் நுழையவே இல்லை. இரண்டு அளவு சிறியது.
என் அளவு அவளுக்குத் தெரியும்.
மூன்று வருடமாக உடைமாற்றும் அறையில்
என் படகுக் கால்களைப் பார்த்தவள்.

பரிசு இல்லை இது.
வீடு காலி செய்கிறவர்கள்
எதிரே வந்தவர் கையில் எதையாவது திணிப்பார்களே,
அப்படி.
நினைத்ததும் வயிற்றில் ஏதோ நழுவியது.
மேலங்கிக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள்.
எப்படிக் கேட்பதென்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.
தேர்வு, குளிர், அவள் நாயின் காது என்று
எதையெதையோ பேசி, கடைசியில்
'செத்துப்போகலாம்னு நினைக்கிறியா?'

கேள்வி வாயைவிட்டு வந்து
ஆவியாக எங்கள் நடுவே நின்றது.
பேருந்து வந்தது. கதவு திறந்தது, மூடியது, போயிற்று.
'ஆமா' என்றாள்.
பிறகு, 'மன்னிச்சுக்கோ.'
அதை நான் எண்ணவில்லை.

யாரிடமும் சொல்லாதே என்றாள். சத்தியம் செய்தேன்.
செய்த கையாலேயே
பள்ளி உளவியலாளர் ரைமொண்டாவை அழைத்தேன்,
அவள் கண்ணெதிரே,
விறைத்த விரலால் இரண்டு முறை தப்பான எண்ணுக்கு.
கார் வரும்வரை
அவள் பையின் வாரைப் பிடித்த பிடியை விடவில்லை.

பதினேழு நாள் பேசவில்லை.
'துரோகி' என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி.
அழுதுகொண்டே நிம்மதியானேன்:
கோபப்பட அவள் இருக்கிறாள்.

ஏப்ரலில் கதவைத் தட்டினாள்.
இளைத்திருந்தாள்.
வாரம் இருமுறை உத்தேனாவுக்குச் சிகிச்சைக்குப் போகிறாளாம்.
உதவுகிறதா என்றால் தோளைக் குலுக்குகிறாள்.
சில நாள் ஆம், சில நாள் பேருந்துக் காசு தண்டம்.

'அந்தக் காலணி வேணும்.'

ஜன்னலுக்கு வெளியே ஏரி நிறையத் தண்ணீர்,
தண்ணீர் நிறைய வாத்து.
'இப்போ எங்கேடி பனிக்கட்டி?'

'டிசம்பர்ல வரும்' என்றாள்,
எனக்குத் தெரியாத ஒன்றைச்
சொல்வதுபோல.